வால்தண்ணி

ஆலடித்துறைக்காரர்கள் கன்னலாற்றில் விட்ட சாக்கடைத் தண்ணீர், ஆற்றோடு கடலுக்குப் போகாமல் அவரவரைத் தேடித் திரும்பி வந்தது ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. சந்தை நாள் என்பதால் ஊரே தெருவில் நின்றது. பார்க்கவில்லை என்று பின்னால் சொல்லிக்கொள்ள ஒருவருக்கும் வழியில்லை. கிழக்கே படித்துறைப் பக்கமிருந்து, கறுத்தும் சாம்பல் பூத்தும் நுரை தள்ளியும், ஒரு பெண்பிள்ளையின் சடை கனத்தில் ஆயிரக்கணக்கான ஓடைகள் மேடேறி வந்தன; படியில் ஏறின, கல்லில் ஏறி இறங்கின, பள்ளத்தில் தேங்கவில்லை, மண்ணை நனைக்கவும் இல்லை; ஒன்றோடொன்று கலக்காமல், தேரோட்டம் முடிந்து வீடு திரும்புகிற சனத்தைப் போலச் சந்து சந்தாகப் பிரிந்து, தன் ஆளைக் கண்டதும் பத்தடி தள்ளி நின்றுகொண்டன.

எது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் எத்தனை செருப்பு கிடந்தாலும் தன் செருப்பைக் கால் கண்டுகொள்வது போல, அவரவர் தண்ணீரை அவரவர் மூக்கு கண்டுகொண்டது.

சங்கரவடிவு கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காய்க்காரி தராசைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பு மண்ணில் புரளுகிறது என்று சொல்லுகிற குரலில், "எக்கா, பொறத்தால பாருங்க, ஒங்க தண்ணி வந்து நிக்கி" என்றாள். வடிவு திரும்பினாள். மஞ்சளும் சீயக்காயும், முந்தாநாள் கழுவிய சாளை மீனும், பிள்ளை பெற்றுக் கிடக்கும் மகளுக்கு இடித்த காயமருந்தின் காரமும் ஒன்றாய் மணக்க, அது அவளைப் பார்த்தபடி நின்றது. தண்ணீருக்குக் கண் ஏது? ஆனாலும் பார்த்தது. மற்றவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஒரு நாழிகையாவது ஆனது; அவளுக்கு அந்த நாழிகையும் வாய்க்கவில்லை. ஏனென்றால் வால்வைத் திறந்தவள் அவள்.

ஊருக்குக் கிழக்கே நகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு ஆப்பரேட்டர் வேலை அவளுக்கு. வீடுகளின் சாக்கடையெல்லாம் குழாய் வழியே அங்கே வந்து, பெரிய தொட்டியில் காற்று ஊதப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத கோடி கோடி உயிர்கள் அதைத் தின்று தீர்த்து, அடுத்த தொட்டியில் கசடு படிந்து, தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். வைகாசி கடைசியில் காற்று ஊதும் புளோயரின் தண்டு முறிந்தது. காற்றில்லாமல் தொட்டிக்குள் இருந்த உயிர்கள் செத்தன. செத்து, மேலே கருந்தோலாய் மிதந்தன. தண்ணீர் நிறைந்து வாசல்வரை வழிய ஆரம்பித்தபோது, என்ஜினியர் ஜெபராஜ் நகராட்சிக்குப் போன் பேசினான்; பேசிவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "வடிவக்கா, பைபாஸைத் திறந்து விட்டுருங்க. புதுத்தண்டு வாரவரைக்கும்தான்" என்றான். அவள் வால்வின் சக்கரத்தைச் சுற்றினாள். ஊர்ச் சாக்கடை தொட்டிக்குப் போகாமல் அப்படியே ஆற்றில் இறங்கியது.

அதை ஊர் அறியாமல் இல்லை. படித்துறையில் துவைக்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்கே தள்ளிப் போய்த் துவைத்தார்கள். ஆறு கிழக்கே ஓடுகிறது, நாற்றமும் கிழக்கே போகிறது, கிழக்கே இருப்பது வேறு ஊர், அவ்வளவுதான். தண்டு வரும் வரும் என்று ஆனி முழுக்கப் போயிற்று. பிறகுதான் ஆடியும் செவ்வாயும் வந்தன.

முதல் சில நாள் ஊர் அதோடு மல்லுக்கட்டியது. ஒருவர் மண்வெட்டியால் வெட்டினார். வெட்டுப்பட்ட இடம் ஒட்டிக்கொண்டது. ஒருவர் பினாயில் ஊற்றினார். அதற்கப்புறம் அது பினாயில் நாற்றத்தோடு பின்னால் வந்தது. பாத்திரக்கடைக்காரர் ஒருவர் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறித் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அங்கே இறங்கியபோது, அவர் ஏறிய பெட்டி எங்கே வந்து நிற்குமோ அந்த இடத்தில், பிளாட்பாரத்தை நனைக்காமல் அது காத்துக்கிடந்தது. அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். தங்கச்சி வீட்டுக்காரர்கள் முன்னால் அதைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆலடித்துறையே தேவலை என்று சொன்னாராம்.

மல்லுக்கட்டு தீர்ந்ததும் ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாமல் போயிற்று இந்த ஊர்? அதற்கு வால்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். டவுன்பஸ் கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கலாமா என்று இரண்டு நாள் தகராறு நடந்தது. அது பஸ்ஸில் ஏறாது, பின்னால் ஓடித்தான் வரும் என்று தெரிந்ததும் தகராறு முடிந்தது. கோயில் வாசலில் செருப்புக்குப் பக்கத்திலேயே வால்தண்ணிக்கும் கோடு கிழித்து இடம் விட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பின்னால் நிற்பதைப் பார்த்தார்கள். "பிள்ளை நல்ல நெறம், வாலுதான் கொஞ்சம் கலங்கல்" என்று தரகர் இழுத்தார். சுத்த சைவம் என்று பலகை மாட்டிய ஓட்டல் முதலாளியின் தண்ணீரில் ஆட்டுக்கொழுப்பு மிதந்தது. ஊசி போட்டே வீடு கட்டிய வைத்தியரின் தண்ணீர், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒருவிதமாகச் சிவந்து தெரிந்தது. நகை உருக்குகிறவர்களின் தண்ணீர் அமில நெடியோடு போன பக்கம் நாய்கள் வரவில்லை. ஒருவர் தண்ணீரை ஒருவர் பேசினார்கள், சிரித்தார்கள். தன் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு உதட்டளவில்தான் இருந்தது. ஏனென்றால் பத்தடி தள்ளி நின்றது எட்டடியாகியிருந்தது. எட்டடி, ஆள் உயரமாகியிருந்தது. நடந்தால் அதுவும் நடந்தது, நின்றால் நின்றது. ஆனால் வெகுநேரம் உட்கார்ந்தாலோ படுத்தாலோ, சாதுவான மாடு கயிற்றை இழுக்காமலே மேய்ந்து மேய்ந்து பக்கத்தில் வருவது போல, ஒவ்வொரு விரற்கடையாய் நெருங்கி வந்தது.

முதலில் அது தொட்டது ரிட்டயரான தாசில்தார் நமச்சிவாயத்தை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர், விழித்தபோது கணுக்கால்வரை கறுப்பாய் நின்றது. பதறி உதறி எழுந்தார். கால் நனையவில்லை, நோகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்று வீட்டாருக்குத் தைரியம் சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றினார்; ஊற்றிய வேகத்தில் துப்பினார். வாயெல்லாம் சாக்கடை. பானைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கடைத் தண்ணீர் எல்லாம் அப்படியே. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், ஆரஞ்சு பிழிந்து கொடுத்தார்கள். எதில்தான் தண்ணீர் இல்லை? ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே ஏற்றியதும் உடம்பு முழுக்க நாறுகிறது என்று ஊசியைப் பிடுங்கி எறிந்தார். சுற்றிலும் செம்பும் தம்ளரும் நிறைந்திருக்க, நாக்கு தோலாய்க் காய்ந்து அவர் செத்தார். கடைசி வாய்த் தண்ணீரை மகன் ஊற்றியபோது உதட்டை இறுக மூடிக்கொண்டதை வடிவு வாசலில் நின்று பார்த்தாள்.

அதற்கப்புறம் ஆலடித்துறையில் யாரும் உட்காரவில்லை.

நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், நடந்துகொண்டே வியாபாரம் பார்த்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள்; தூங்குகிறவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு சாண் தூரத்துக்கு அது வந்ததும் உலுக்கி எழுப்பினார்கள். படுக்கையில் கிடந்த நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கித் தூக்கி இடம் மாற்றினார்கள். மாற்ற ஆளில்லாதவர்கள் நமச்சிவாயம் போன வழியில் போனார்கள்.

வடிவின் மகள் ஆவுடைக்குப் பிள்ளை பிறந்து முப்பது நாள்கூடக் கழியவில்லை. புருஷன் திருப்பூரில் வேலையில் இருந்தான். பச்சைப்பிள்ளைக்கும் ஒரு வால்தண்ணி இருந்தது. பாலும் பேபி சோப்பும் மூத்திரத்துணி அலசியதுமாக, வெள்ளை நூல் போல, பார்த்தால் பாவமாய்த் தெரிகிற ஒரு வால்தண்ணி. ஆனால் பிள்ளை நடக்காதே. தொட்டிலில் போட்டால் அந்த நூல் தூண் வழியே ஏறியது. தாயும் மகளும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வாசலுக்கும் புறக்கடைக்கும், புறக்கடைக்கும் வாசலுக்கும். பால் கொடுக்க உட்கார்ந்தாலும் ஒருத்தி நூலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"எம்மா, இதுக்குத் தண்ணி கசந்துட்டுன்னா பாலும் கசந்துருமா?" என்று ஆவுடை கேட்டாள். அழக்கூட நேரமில்லாத குரல்.

"வாயக் கழுவுடி" என்றாள் வடிவு. அந்தக் கேள்வி அவள் நெஞ்சுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான்.

தெருப் பெண்கள் வந்து வாசலில் நடந்துகொண்டே கேட்டார்கள். "நீதானட்டி தொறந்துவிட்டே?"

"நாந்தான் தொறந்தேன்" என்றாள். வேறு என்ன சொல்ல? அடித்துவிடுவார்களோ என்று பிள்ளையைப் பின்னால் மறைத்தாள். அவர்கள் அடிக்கவில்லை. ஒருத்தி கையை நீட்டி, "பிள்ளைய இங்க கொடு. நாங் கொஞ்சம் நடக்கேன். நீ குனிஞ்சு நிமிந்துக்க" என்றாள். அப்போதுதான் கண்டார்கள்: பிள்ளை கை மாறியதும் அந்த வெள்ளை நூல் ஒரு கணம் வழி தெரியாமல் தடுமாறி, பின்னால் தங்கி, மறுபடி தேடிக்கொண்டு வர நேரம் எடுத்தது. மறுநாளிலிருந்து ஊரிலிருந்த கைப்பிள்ளைகளெல்லாம் தேரோடும் வீதியில் கைமாறிக் கைமாறிச் சுற்றின. சாதி பார்த்த கை, சண்டை போட்ட கை என்று பாராமல் எல்லாக் கையிலும் எல்லாப் பிள்ளையும் போயிற்று. அதை அன்பென்று சொல்ல முடியாது. பயம்தான். ஆனால் பிள்ளைகள் கீழே விழவில்லை.

ஆவுடை காய்ச்சலில் சுருண்ட ஒரு காலையில், வடிவு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். காற்றுத் தொட்டியின் மேல் குறுக்கே போகும் இரும்பு நடைபாலத்தில் அவள் நடக்க, கீழே தொட்டி செத்துக் கிடந்தது. கருந்தோல் வெடித்து, இடையிடையே பச்சை பூத்து. பாதி தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் வழக்கமான அந்தக் கூச்சம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் வெள்ளை நூல் பாலத்தின் விளிம்பில் நின்று, தாயைத் தேடும் குட்டியாடு தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போலக் கீழே பார்த்தது. பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது. அவளுடைய தண்ணீரும் கூடவே இறங்கியது. சிறிது நேரம் அவள் பின்னால் ஒன்றுமே இல்லை. முதுகு வெறுமையாய், லேசாய், வெயில் படுகிறதாய் இருந்தது. பிறகு இரண்டும் கருந்தோலைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தன. முன்னைவிடக் கறுப்பாய். முன்னைவிடப் பக்கத்தில்.

ஓட்டமாய் ஓடி ஜெபராஜிடம் சொன்னாள். அவன் அறைக்குள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். அவன் தண்ணீரும் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், அதுக்கு உள்ள போகணும்னுதான் இருக்கு. போயிப் பாத்துட்டுத் திரும்பி வருது சார்."

அவன் நடையை நிறுத்தினான். நிறுத்தியதும் பயந்து மறுபடி நடந்தான். "உள்ள என்ன இருக்கு அக்கா, திங்கதுக்கு ஒரு உயிர்கூட இல்லையே. செத்த தொட்டில விட்டா எதுவும் திரும்பித்தான் வரும்." பிறகு, யாரோ முதுகில் தட்டியது போல நிமிர்ந்தான். "உயிரோட இருந்தா?"

அவனே நகராட்சித் தலைவி தெய்வநாயகி வீட்டுக்குப் போனான். அந்த அம்மாள் கூடத்தில் நடந்துகொண்டே கேட்டாள். நடந்துகொண்டே, தண்டு எங்கேயிருந்தோ வரும் என்று காத்திருந்தது போதும் என்றாள். லேத்துப் பட்டறைக்காரர்கள் நின்றபடியே இரும்பைக் கடைந்து புதுத்தண்டு செய்தார்கள். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள கசடு ஒரு டாங்கர் லாரியில் வந்தது. அது போதாது, ஊட்டம் கொடுக்கச் சாணிக்கரைசலும் வெல்லப்பாகும் வேண்டும் என்றான் ஜெபராஜ். தன் ஊர் நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வாழ்ந்த ஊர், குடம் குடமாய்ச் சாணி கரைத்து, அண்டா அண்டாவாய் வெல்லம் காய்ச்சிக்கொண்டு அங்கே போனது. ஒவ்வொருவர் பின்னாலும் ஒவ்வொரு கறுப்பு வால் மடங்கி மடங்கி வந்தது. புளோயர் உறுமியபோது தொட்டியின் ஒரு மூலையில் நாலு குமிழி விட்டது. பிறகு தொட்டி முழுக்கக் கொதித்தது.

"இப்ப விட்டுரலாமா?" என்றார்கள்.

"பச்சைப்பிள்ளை மாதிரி அது. பசி எடுக்கட்டும்" என்றான் ஜெபராஜ். அந்தக் காத்திருப்பில் இன்னும் சிலர் செத்தார்கள். அவன் காலையும் மாலையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு மொண்டு பார்த்தான், மோந்து மோந்து பார்த்தான். கருநிறம் மாறிக் காப்பி நிறமாகி, நாற்றம் போய், முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த மணம் வந்த நாளில்தான் தலையை ஆட்டினான்.

முதலில் யார் போவது என்று வந்தபோது எல்லாரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். திரும்பி ஏறி வந்தால்? இன்னும் பக்கத்தில் வந்தால்? ஆனால் பிள்ளையின் நூல் அன்று அவள்மேல் படாமல் தோள் உயரத்துக்கு எழும்பி, பிள்ளையின் உள்ளங்காலுக்கு நாலு விரற்கடை தூரம்வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நடுவில் நூல் நின்றது, எட்டிப் பார்த்தது, இறங்கியது. குமிழிகளுக்குள் அது வெள்ளையாய்ச் சுழன்று, காப்பி நிறத்தில் கலந்து, காணாமல் போயிற்று. அவளுடையதும் போயிற்று. நின்றார்கள், நின்றார்கள், வெகுநேரம் நின்றார்கள். எதுவும் ஏறி வரவில்லை. ஆற்றுப் பக்கம் கடைசி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் கூவினார்கள். தெளிந்த தண்ணீர் ஒரு விரல் கனத்தில் வந்து, ஆற்றில் இறங்கி, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராமல் கிழக்கே போயிற்று.

அதற்கப்புறம் ஊரே வரிசையில் நின்றது. பைபாஸ் வால்வை வடிவு மூடிச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டாள். தன் தண்ணீரை விட்டுவிட்டு இறங்கியவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். வெறுமனே உட்கார்ந்தார்கள், உட்காருவது எப்படி இருக்கும் என்று மறந்து போனவர்களைப் போல.

கதை அத்தோடு முடிந்திருந்தால் வடிவுக்கு நல்லது. முடியவில்லை. ஆளுள்ள தண்ணீரெல்லாம் போன பிறகு, குழாய்களின் அடியில் வருஷக்கணக்காய்த் தங்கிக் கிடந்து பைபாஸ் வழியே ஆற்றுக்குப் போயிருந்த ஆளில்லாத தண்ணீர் மிச்சமிருந்தது. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனவர்களின் பூட்டிய வீட்டு வாசல்களிலும், சுடுகாட்டு மேட்டிலும், பிள்ளைகள் இல்லாமல் செத்தவர்களின் இடிந்த சுவரோரத்திலும் அது அத்தனை நாளும் ஓசையில்லாமல் காத்துக் கிடந்திருக்கிறது. தொடர்ந்து போக ஒருவருமில்லாத அந்தத் தண்ணீரெல்லாம், அக்கம்பக்கத்தில் வேறு ஓடைகள் இல்லை என்று தெரிந்ததும் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு முற்பகல் மேலத்தெரு முனையில் அது வந்து நின்றது. தெருவின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அகலமாய், இடுப்பளவு உயரமாய், ஆறு எழுந்து நிற்பது போல. பிள்ளை அழுகிற வீடு எதுவோ அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

சனம் மொட்டைமாடிகளில் ஏறிக்கொண்டது. தெய்வநாயகி ஒரு மாடியிலிருந்து கத்தினாள்: "யாராவது முன்னால நடந்தா பின்னால வரும்!"

"யார் தண்ணின்னு சொல்லி நடக்க?" என்று எதிர்மாடியிலிருந்து பதில் வந்தது.

வடிவு ஆவுடையோடும் பிள்ளையோடும் தன் வீட்டு ஓட்டுக்கூரையில் குந்தியிருந்தாள். காற்று அவள் பக்கம் திரும்பியது. அத்தனை நாற்றத்துக்கும் அடியில், ஒரு நூல் போல, சிவப்பு சோப்பும் பீடியும் இயந்திர மசகும் மணத்தது. சொரிமுத்து. அவள் புருஷன். பம்பிங் ஸ்டேஷனில் வேலை பார்த்தவன். பம்பில் துணி சுற்றிக்கொண்டது என்று ஒரு நண்பகலில் சாக்கடைக் கிணற்றுக்குள் இறங்கியவன், கயிற்றில் கட்டித் தூக்கப்பட்டுத்தான் மேலே வந்தான். யாரும் இறங்கச் சொல்லவில்லை, அவனாக இறங்கினான் என்றார்கள். அவன் வேலைக்குப் பதிலாகத்தான் அவளுக்கு இந்த வேலை. அத்தனை வருஷமும் அந்தக் கிணற்றுப் பக்கம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போய் வந்தாள். அவன் நெஞ்சுக்குள் கடைசியாகப் போன தண்ணீர் எங்கே போயிருக்கும் என்ற கேள்வியை அவள் மனசுக்குள் ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. இப்போது அது தெருவில் நின்றது.

"எங்கம்மா போறே?" என்று ஆவுடை முந்தானையைப் பிடித்தாள்.

"ஒங்கப்பா வந்திருக்காவ" என்றாள் வடிவு. ஏணியில் இறங்கும்போது இரண்டு முறை கால் நழுவியது. தெரு நடுவில் போய் நின்று, அதன் முன்னால் தலைநிமிர்ந்து பார்க்க முடியாமல், கீழே பார்த்துக்கொண்டு, "இது எங்க வீட்டுக்காரர் தண்ணி. எங்க வீட்டுத் தண்ணி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுவரிலிருந்து ஒரு கறுத்த வடம் உருவிக்கொண்டு முன்னால் வந்தது.

பிறகு பாத்திரக்கடைக்காரர், "அந்த மூக்குப்பொடி வாடை எங்க அய்யா" என்றார். சொன்னவர் அழுதுகொண்டே இறங்கி வந்தார். "மஸ்கட்டுல இருக்கான் எம் மவன், அவன் எண்ணெ மணம் எனக்குத் தெரியும்" என்று ஒருத்தி இறங்கினாள். எங்க சித்தி, எங்க ஆச்சி, எதுத்த வீட்டு வாத்தியார், பேர் தெரியாத அந்தப் பைத்தியக்காரன் என்று ஒவ்வொரு பெயராய் விழ விழ, ஒவ்வொரு வடமாய்ப் பிரிந்தது. கடைசியில் யாரும் உரிமை சொல்லாத ஒரு குட்டை மட்டும் நின்றது. தெய்வநாயகி கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். "மிச்சம் ஊர்த் தண்ணி. எம் பின்னால வரட்டும்" என்றாள். அது வந்தது.

வெயிலில் நடந்தார்கள். ஓடக்கூடாது, நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வடிவு முன்னால் நடந்தாள். பின்னால் வந்தது மற்றதைப் போல இல்லை. கனமாய், இளைத்து இளைத்து, மூச்சுக்குத் திணறுகிற சத்தத்தோடு வந்தது. அந்தச் சத்தத்தை அவள் ஊகித்து ஊகித்துப் பயந்திருந்தாள். இப்போது காதால் கேட்டாள். பாலத்தில் ஏறினாள். நடுவில் நின்றாள், நின்றுதான் ஆகவேண்டும். மற்றத் தண்ணீரெல்லாம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து இறங்கியது போல அது இறங்கவில்லை. நேரே அவளிடம் வந்தது. பாதத்தில் ஏறியது, கணுக்காலில் ஏறியது, முழங்கால்வரைக்கும் ஏறி, குளிராய், இறுக்கமாய்க் கட்டிக்கொண்டது. பாலத்தின் இரண்டு முனையிலிருந்தும் கூச்சல் எழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவள் நகராமல் நின்றாள். "போங்க" என்றாள். "காத்து இருக்கு உள்ள. போங்க." எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடி தளர்ந்தது. கீழே குமிழிகளுக்குள் கனமாய் எதுவோ விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மற்ற வடங்களும் ஒவ்வொன்றாய் இறங்கின.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. தொட்டுவிட்டது. தொட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று ஆலடித்துறையில் தெரியாதவர் யார்? அவளுக்கும் தெரியும். பாலத்திலிருந்து இறங்கி, தொட்டிச் சுவரோரம் உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. வெயில் உச்சியில் நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆவுடை வந்தாள். ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் செம்பு.

"குடிம்மா."

"பொறவு குடிக்கேன்."

"இப்பக் குடி." ஆவுடை செம்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னன்னு தெரியணும்லா."

ஜெபராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தெய்வநாயகி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வடிவு செம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வாய் எடுத்தாள்.

சிவப்பு சோப்பு. பீடி. மசகு. துருப்பிடித்த இரும்பு. அதற்கெல்லாம் அடியில், அந்தக் கிணறு. வாய் கொள்ளாமல் நிறைந்து, குமட்டிக்கொண்டு மேலே வந்தது. கன்னம் உப்ப, கண்ணில் நீர் முட்ட, துப்புவதற்கு இடம் தேடினாள். ஆவுடை ஒரு அடி பின்வாங்கினாள். காலடியில் வாய்க்கால் ஓடியது. அது ஆற்றுக்குப் போகிறது. அந்தப் பக்கம் தொட்டி; அதற்குள் விடத்தான் இத்தனை பாடும் பட்டு நடந்து வந்தார்கள். இந்தப் பக்கம் மண். மழை பெய்தால் அதுவும் வாய்க்காலுக்குத்தான் வரும். எங்கே துப்பினாலும் அது யாருடைய வாசலுக்காவது நடந்து போகும்.

அவள் விழுங்கினாள்.

தொண்டை வழியே அது இறங்குவது வெளியே தெரிந்தது என்று பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். வெகுநேரம் அவள் அசையவில்லை. பிள்ளை மட்டும் சிணுங்கியது. பிறகு வடிவு, கையிலிருந்த செம்பை மெல்ல, மிக மெல்ல, மறுபடியும் உதட்டுக்குக் கொண்டு போனாள்.

இரண்டாவது வாய் தண்ணீராக இருந்தது.